வாழைப்பழம் சாப்பிடலாமா? குருதிக் குழாயும் பொற்றாசியமும்: ஒரு வரலாறு



புலம்பெயர்ந்து வாழும் எங்கள் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் ஒரு வாக்குவாதம் உண்டு. அம்மாவுக்குப் பிறசர். அவருடைய வைத்தியர், "உப்பைக் குறையுங்கள், பழமும் மரக்கறியும் கூடச் சாப்பிடுங்கள், வாழைப்பழம் நல்லது" என்கிறார். அப்பாவுக்குச் சலரோகம் முற்றிச் சிறுநீரகம் பழுதாகி வருகிறது. அவருடைய வைத்தியர், "வாழைப்பழத்தைக் குறையுங்கள், இளநீர் வேண்டாம்" என்கிறார். ஒரே வீடு, ஒரே குசினி, இரண்டு கட்டளைகள். கடைசியில், "இவையளுக்கு ஒண்டும் தெரியாது" என்று சொல்லிவிட்டு இருவரும் தங்கள் மனம்போல் சாப்பிடத் தொடங்குகிறார்கள். ஆபத்தும் அங்கேயே தொடங்குகிறது.

இரண்டு வைத்தியர்களும் பேசுவது ஒரே பொருளைப் பற்றித்தான். அதன் பெயர் பொற்றாசியம். இருவர் சொல்வதும் சரி. ஒரே பொருள் ஒருவருக்கு மருந்தாகவும் மற்றவருக்கு ஆபத்தாகவும் இருப்பது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள விஞ்ஞானத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றையே இந்த மாதப் பேச்சில் பார்ப்போம்.

குழாய்க்கும் தசை உண்டு

குருதிக் குழாய் என்றதும் பலர் தண்ணீர்க் குழாயைப் போன்ற ஒன்றையே நினைக்கிறார்கள். ஆனால் எங்கள் நாடிகளின் சுவரில் மழமழப்பான தசை சுற்றிச் சுற்றி அமைந்திருக்கிறது. அது நாங்கள் நினைத்து அசைக்கும் தசையன்று. இரவு பகலாகத் தானாகவே ஓரளவு இறுகியபடி இருக்கும். இந்த இறுக்கத்தையே குழாயின் தொனி என்கிறோம். தொனி கூடினால் குழாய் ஒடுங்கும், குறைந்தால் விரியும்.

இதில் சிறிய மாற்றமும் பெரிய விளைவைத் தரும். 1840களில் பிரெஞ்சு வைத்தியர் புவசேய் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவங்களை ஓடவிட்டு ஒரு விதியைக் கண்டார். அதன்படி, அமுக்கம் மாறாமல் குழாயின் அகலம் பாதியானால் அதனூடாகச் செல்லும் அளவு 16இல் ஒரு பங்காகிவிடும். சின்ன நாடிகள் சற்று இறுகினாலே இதயம் எவ்வளவு கூடுதலாக உழைக்கவேண்டும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இந்த இறுக்கத்தை எது ஆள்கிறது? 1851இல் பரிசில் குளோட் பேர்ணாட் ஒரு முயலின் கழுத்து நரம்பொன்றை வெட்டினார். அந்தப் பக்கக் காது சூடேறிச் சிவந்தது. நரம்பின் கட்டளை நின்றதும் குழாய்கள் விரிந்துவிட்டன. அப்படியானால் எல்லாம் நரம்பின் வேலைதான் என்று எண்ணத் தோன்றும். 1902இல் இலண்டனில் வில்லியம் பேய்லிஸ் வேறொன்றைக் காட்டினார். நரம்புத் தொடர்பு அறுந்த நாடியும் உள்ளே அமுக்கம் ஏறும்போது தானாகவே இறுகுகிறது என்றார் அவர். குழாயின் தசைக்குள்ளேயே அதை ஆளும் ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன என்பதற்கான முதல் துப்பு அதற்கு முன்னரே, ஒரு தவளையின் இதயத்திலிருந்து கிடைத்திருந்தது.

குழாய்த் தண்ணீர் செய்த உதவி

சிட்னி றிங்கர் இங்கிலாந்தின் நொறிச் நகரில் பிறந்தவர். இலண்டன் யூனிவேசிற்றிக் கல்லூரியில் வைத்தியப் பேராசிரியராக இருந்தார். தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் வைத்து, எதைச் சேர்த்தால் அது தொடர்ந்து துடிக்கிறது என்று ஆராய்ந்து வந்தார். 1882இல் அவர் எழுதிய கட்டுரையின்படி சாதாரண உப்புக் கரைசலிலேயே இதயம் நன்றாகத் துடித்தது.

பின்னர்தான் உண்மை தெரியவந்தது. வடித்த நீரில் செய்யப்பட்டதாக அவர் எண்ணியிருந்த கரைசல், நியூ றிவர் கம்பனி இலண்டனுக்கு வழங்கிய குழாய்த் தண்ணீரில் செய்யப்பட்டிருந்தது. சுண்ணாம்பு நிலத்து ஊற்றுகளிலிருந்து வரும் அந்தத் தண்ணீரில் கல்சியம் இருந்தது. வடித்த நீரில் செய்த கரைசலில் வைத்தபோது இதயம் சற்று நேரத்தில் ஓய்ந்துபோனது. றிங்கர் இதை மறைக்கவில்லை. 1883இல் இன்னொரு கட்டுரை எழுதி, நடந்ததை வெளிப்படையாகச் சொன்னார். தசை சுருங்குவதற்குக் கல்சியம் வேண்டும் என்ற பேருண்மை இப்படித்தான் வெளிவந்தது.

அதே ஆய்வுகளில் பொற்றாசியத்தின் இரண்டு முகங்களும் தெரிந்தன. கல்சியம் மட்டும் இருந்தால் இதயம் சுருங்கியபடியே இறுகப் பார்க்கிறது. சிறிதளவு பொற்றாசியம் சேர்த்தால் துடிப்பு ஒழுங்காகிறது. அளவுக்கு மிஞ்சினாலோ இதயம் தளர்ந்து நின்றுவிடுகிறது. அமிர்தமும் நஞ்சாகும் என்று எங்கள் ஆட்கள் சொல்வதை றிங்கர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கண்டார்.

இந்தக் கண்டுபிடிப்பு எங்களில் பலருக்கு நேரடியாகவே உதவியிருக்கிறது. 1932இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் அலெக்சிஸ் ஹாட்மன் றிங்கரின் கரைசலோடு லக்ரேற்றைச் சேர்த்தார். அதுதான் வைத்தியசாலைகளில் நாங்கள் பொதுவாகச் சேலைன் என்று சொல்லும் போத்தல்களில் ஒன்றான றிங்கர் லக்ரேற். 1955இல் இலண்டனில் டெனிஸ் மெல்றோஸ், சத்திரசிகிச்சையின்போது இதயத்தை வேண்டுமென்றே நிறுத்திவைக்கப் பொற்றாசியத்தைப் பயன்படுத்தும் முறையை அறிமுகப்படுத்தினார். பைபாஸ் செய்துகொண்ட எங்கள் பெரியவர்கள் பலரின் இதயம் இன்றும் பொற்றாசியம் கலந்த கரைசலாலேயே சற்று நேரம் நிறுத்தப்பட்டு, அது கழுவி நீக்கப்பட்டதும் மீண்டும் துடிக்கத் தொடங்கியிருக்கும்.

ரொறன்ரோவும் ஓர் அகதி வைத்தியரும்

பொற்றாசியத்துக்கும் குருதியமுக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணமும் புதியதன்று. 1928இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் அடிசன் என்ற வைத்தியர், உயர் அமுக்கம் உள்ள நோயாளர் சிலருக்குச் சாதாரண உப்பையும் பொற்றாசிய உப்பையும் மாறிமாறிக் கொடுத்துப் பார்த்தார். சோடியம் அமுக்கத்தை ஏற்றுவதையும் பொற்றாசியம் இறக்குவதையும் எழுதிவைத்தார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

அடுத்தவர் எங்களுக்கு மனதளவில் நெருக்கமானவர். வோல்ற்றர் கெம்ப்னர் 1903இல் பேர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜேர்மனியை விட்டு வெளியேறி, 1934இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். கடுமையான உயர் அமுக்கத்துக்கு அன்று நல்ல மருந்து எதுவும் இல்லை. அந்த நோய் வந்தவர்கள் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ இறந்துபோனார்கள். கெம்ப்னர் அவர்களுக்கு ஒரு விசித்திரமான உணவைக் கொடுத்தார். உப்பே இல்லாத சோறு, பழம், பழச்சாறு, சீனி. அவ்வளவுதான்.

டியூக்கில் இன்றும் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. 1942இல் ஒரு பெண் நோயாளியிடம், இரண்டு வாரம் இந்த உணவைச் சாப்பிட்டுவிட்டு வரும்படி அவர் சொன்னாராம். அவருடைய தடித்த ஜேர்மன் உச்சரிப்பு விளங்காத அந்தப் பெண் இரண்டு மாதம் என்று எண்ணி, அத்தனை நாளும் அதையே சாப்பிட்டுவிட்டு வந்தாராம். வந்தபோது அமுக்கம் இறங்கியிருந்தது, வீங்கியிருந்த இதயம் சிறுத்திருந்தது. வந்த நாட்டு மொழியில் வைத்தியரிடம் தடுமாறும் நாங்கள், தடுமாறியவர் வைத்தியராக இருந்த இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கலாம்.

1944இல் கெம்ப்னர் தம் முடிவுகளை வைத்திய உலகின்முன் வைத்தபோது நம்பாதவர்களும் இருந்தார்கள். அந்த உணவின் பலனில் பெரும்பங்கு உப்பைக் கடுமையாகக் குறைத்ததற்கே உரியது. ஆனால் பழங்கள் பொற்றாசியத்தையும் கொண்டுவந்தன. மருந்தில்லாத காலத்தில் உணவு மட்டுமே குழாயின் இறுக்கத்தை மாற்றக்கூடும் என்பதை உலகம் கண்ணால் கண்டது. எப்படி என்பதுதான் தெரியாமல் இருந்தது.

வேலியும் படலையும் துலாவும்

விடையின் ஒரு பகுதி டென்மார்க்கில் கிடைத்தது. 1980களில் எம்மவர் பலர் அகதிகளாகச் சென்று சேர்ந்த அதே நாட்டில், 1957இல், ஓகூஸ் பல்கலைக்கழகத்தின் யென்ஸ் ஸ்கௌ கடற்கரை நண்டுகளின் கால் நரம்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கலத்தின் மென்சவ்வில் ஒரு புரதம் இருந்து, சத்தியைச் செலவழித்துச் சோடியத்தை வெளியே தள்ளிப் பொற்றாசியத்தை உள்ளே எடுப்பதை அவர் கண்டுபிடித்தார். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொற்றாசியம் உள்ளே. நாற்பது ஆண்டுகளின் பின், 1997இல், இதற்காக அவருக்கு இரசாயனத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஊர்க் காணியை நினைத்துக்கொள்ளுங்கள். கலத்தின் மென்சவ்வு வேலி. ஸ்கௌ கண்ட புரதம் இடைவிடாமல் இறைக்கும் துலா. அது இறைப்பதால் கலத்துக்குள்ளே பொற்றாசியம் லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல், வெளியே குருதியில் 4 மட்டும். உள்ளே நெரிந்து நிற்கும் பொற்றாசியம் எப்போதும் வெளியேறவே பார்க்கும். வேலியில் அதற்கென்று தனியான படலைகள் இருக்கின்றன.

இங்கேதான் சூட்சுமம். பொற்றாசிய அயன் நேர் மின்னேற்றம் உடையது. படலை திறந்து அது வெளியேறினால் கலத்தின் உட்புறம் மேலும் எதிர்மின் பக்கம் சாயும். அப்படிச் சாய்ந்தால் கல்சியத்தின் படலைகள் மூடிக்கொள்ளும். கல்சியம் உள்ளே வராவிட்டால் தசை தளரும், குழாய் விரியும். மாறாகப் பொற்றாசியப் படலைகள் மூடினால் கல்சியப் படலைகள் திறக்கும். உள்ளே வந்த கல்சியம் கல்மொடியூலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியத்தைத் தூண்டும், தசை இழைகள் ஒன்றையொன்று இழுக்கும், குழாய் ஒடுங்கும். கல்சியம் இறுக்குகிறது. அதை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதில் பொற்றாசியத்தின் போக்குவரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த அறிவு மருந்துகளாகவும் மாறியது. 1960களில் ஜேர்மனியின் பிறைபூர்க் நகரில் அல்பிறெக்ற் பிளெக்கன்ஸ்ரைன் கல்சியத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளை இனங்கண்டார். எங்கள் வீடுகளில் பலர் விழுங்கும் அம்லோடிப்பின் குளிசை அந்தப் பரம்பரையைச் சேர்ந்தது. கல்சியப் படலையை மூடுவதே அதன் வேலை.

உட்சுவர் பேசியபோது

படலைகளைத் திறக்கச் சொல்வது யார்? 1978இல் நியூயோர்க், புறூக்ளினில் றொபேட் பேர்ச்கொற்றின் ஆய்வுகூடத்தில் உதவியாளர் ஒருவர் பரிசோதனையின் ஒழுங்கை மாற்றிச் செய்துவிட்டார். சுருங்கும் என்று எதிர்பார்த்த முயல் நாடி தளர்ந்தது. பேர்ச்கொற் அதைத் தள்ளிவிடாமல் ஏன் என்று தேடினார். முன்னைய பரிசோதனைகளில் நாடியைத் தயாரிக்கும்போது அதன் உட்புறத்தில் ஒரே ஒரு கலப்படையாக இருக்கும் அகவணி உரசுப்பட்டுப் போயிருந்தது. அது இருந்தால் நாடி தளர்கிறது, இல்லாவிட்டால் சுருங்குகிறது. 1980இல் சவாட்ஸ்கியோடு சேர்ந்து இதை வெளியிட்டார்.

அதுவரை வெறும் உட்பூச்சு என்று கருதப்பட்ட அகவணி, தசைக்குச் செய்தி அனுப்பும் உறுப்பு என்று தெரிந்தது. அந்தச் செய்தியாளன் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு என்பது 1980களின் பிற்பகுதியில் உறுதியானது. அது தசைக் கலத்துள் புகுந்து சைக்கிளிக் ஜீஎம்பீ என்ற தூதுப்பொருளைப் பெருக்குகிறது. அதனால் கல்சியம் குறைகிறது, பொற்றாசியப் படலைகளும் திறக்கின்றன. நெஞ்சு நோவுக்கு நாக்கின்கீழ் வைக்கும் நைத்திரோகிளிசரின் குளிசையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. 1998இல் பேர்ச்கொற், இக்னாரோ, மூறாட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கிடையில், ஒற்றைப் படலையினூடாகச் செல்லும் மின்னோட்டத்தையே அளக்கும் நுட்பத்தை நேயரும் சாக்மனும் 1976இல் ஜேர்மனியில் உருவாக்கியிருந்தார்கள். அதன்பின் கண்டுபிடிப்புகள் வேகமாக வந்தன. குருதியமுக்கத்தைக் குறைக்கும் சில மருந்துகள் நாடித் தசையில் ஒருவகைப் பொற்றாசியப் படலையைத் திறப்பதை 1989இல் இங்கிலாந்தின் லெஸ்ரர், அமெரிக்காவின் வேர்மொன்ற் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மினொக்சிடிலும் அதே வகைப் படலையைத் திறக்கும் மருந்துதான். கடும் பிறசருக்காக வந்த அந்தக் குளிசையை எடுத்தவர்களுக்கு மயிர் அதிகமாக வளர்ந்ததால், அது பின்னர் வழுக்கைக்குப் பூசும் மருந்தாகவும் கடைக்கு வந்தது.

1995இல் வேர்மொன்ற்றில் மார்க் நெல்சன் குழுவினர் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். தசைக் கலத்துள் ஒரு மூலையில் மட்டும் கல்சியம் சிறு பொறியாகத் தெறித்தால், அது அருகிலுள்ள பொற்றாசியப் படலையைத் திறந்து தசையைத் தளர்த்துகிறது. இறுக்கும் கல்சியமே தன் கடிவாளத்தையும் பிடித்திருக்கிறது. 1998இல் மான்செஸ்ரர், பிரிஸ்ரல் ஆய்வாளர்கள், எலியின் நாடிகளில் அகவணி வெளிவிடும் பொற்றாசியமே தசைக்கு ஒரு செய்தியாகச் செயற்படுகிறது என்று அறிவித்தார்கள்.

கொஞ்சம் விரிக்கும், அதிகம் இறுக்கும்

இப்போது பழைய புதிருக்கு வருவோம். குழாயின் வெளிப்புறத்தில் பொற்றாசியம் சற்றுக் கூடினால் என்ன நடக்கும்? தசைக் கலத்தின் ஒருவகைப் படலைகள் மேலும் அகலத் திறக்கின்றன. துலாவும் விரைவாக இறைக்கிறது. தசை தளர்கிறது. உடற்பயிற்சியின்போது உழைக்கும் தசை வெளிவிடும் பொற்றாசியம் அங்கே குருதியை வரவழைக்க உதவுவது இப்படித்தான். மூளையில் நரம்புக் கலங்கள் உழைக்கும்போது வெளிவரும் பொற்றாசியத்தை மயிர்த்துளைக் குழாய்களே உணர்ந்து, குருதி வேண்டும் என்று மேலே உள்ள நாடிக்குச் செய்தி அனுப்புவதை 2017இல் நெல்சன் குழுவினர் காட்டினார்கள்.

ஆனால் வெளியே பொற்றாசியம் மிக அதிகமானால் உள்ளே இருப்பது வெளியேற மாட்டாது. கலத்தின் மின்நிலை குலைகிறது; குழாய்த் தசையில் கல்சியப் படலைகள் திறந்து அது இறுகுகிறது. இதயத் தசையிலோ துடிப்பின் ஒழுங்கு கெடுகிறது, இறுதியில் இதயம் நிற்கிறது. றிங்கர் தவளையில் கண்டதும் இதுவே. எவ்வளவு, எங்கே என்பதைப் பொறுத்தே பொற்றாசியத்தின் குணம் அமைகிறது.

அந்த அளவைக் காப்பது சிறுநீரகம். சாப்பாட்டில் வரும் மேலதிகப் பொற்றாசியத்தின் பெரும்பகுதியை அதுதான் வெளியேற்றுகிறது. நல்ல சிறுநீரகம், பொற்றாசியம் வரும்போது கூடவே சோடியத்தையும் கூடுதலாகக் கழிக்கிறது. பழமும் கீரையும் பிறசரை இறக்குவதன் முக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று. பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. குருதியில் 3.5 முதல் 5 வரை இருக்கவேண்டிய பொற்றாசியம் 6ஐத் தாண்டி ஏறலாம், பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமலே. அதனால்தான் அம்மாவுக்கு ஒரு சொல், அப்பாவுக்கு வேறொரு சொல்.

இன்றைக்கு எங்கள் குசினிக்கு

1997இல் அமெரிக்காவில் 459 பேரோடு நடந்த டாஷ் ஆய்வில், பழமும் மரக்கறியும் கொழுப்புக் குறைந்த பாலுணவும் நிறைந்த சாப்பாடு, உயர் அமுக்கம் உள்ளவர்களின் மேல் அளவைச் சராசரியாக 11 புள்ளிகள் குறைத்தது. 2021இல் வெளியான சீன ஆய்வு 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரை ஏறத்தாழ 5 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. உப்பில் கால்வாசியைப் பொற்றாசிய உப்பாக மாற்றியவர்களிடையே பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரக நோய் கடுமையாக உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய மாற்று உப்பைப் பரிந்துரைத்தபோதும், அது பொதுவான வளர்ந்தவர்களுக்கே உரியது. சிறுநீரகம் பழுதானவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகளுக்கு அல்ல என்று சொன்னது.

எம்மவரிடையே சலரோகம் அதிகம். அதன் வழியாகச் சிறுநீரக நோயும் அதிகம். ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் பொற்றாசியம் இருக்கிறது. இளநீர், கீரை, பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் தாராளமாக உண்டு. சிறுநீரகம் நலமாக உள்ளவருக்கு இவை வரப்பிரசாதம். கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர், கிழங்கையும் மரக்கறியையும் வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் ஒரு பகுதி குறையும். கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பெரும்பாலும் பொற்றாசியம் இருக்கிறது. நல்லதுதானே என்று கேட்காமல் வாங்கிவந்து எல்லோருக்குமான கறியில் போடவேண்டாம். றமிப்பிறில், லிசினோப்பிறில், ஸ்பைறனோலக்ரோன் போன்ற மருந்துகள் பொற்றாசியத்தை ஏற்றக்கூடியவை. பயந்து அவற்றைத் தாமாக நிறுத்துவதும் பிழை. குருதிப் பரிசோதனையைத் தவறவிடாமல் செய்வதே சரி.

பெற்றோருக்காக வைத்தியசாலையில் மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "வாழைப்பழம் கூடாதாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். மூன்று கேள்விகளைக் கேட்டு, விடைகளை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வாருங்கள். பொற்றாசியம் இப்போது எவ்வளவு? சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது? எடுக்கும் மருந்துகளில் எது பொற்றாசியத்தை ஏற்றும், எது இறக்கும்? அந்தக் கடதாசியைக் குசினிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். யார் எதைச் சாப்பிடலாம் என்ற வாக்குவாதம் அதோடு பெரும்பாலும் அடங்கிவிடும்.